‘விடியல் லோஞ்சு’ பாட்டின் நான்காம் சரணம்

மூதூர்,
06.05.2025

திரு. இக்னேசியஸ் அவர்களுக்கு,

உங்களை எனக்குத் தெரியும். திருகோணமலையில் வேதக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குப் போன எவருக்கும் உங்கள் குரல் தெரியும். என்னை உங்களுக்குத் தெரியாது. மூதூரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஹுஸ்னியா நான். ‘விடியல் லோஞ்சு’ பாட்டை எழுதி மெட்டும் போட்ட முஹம்மது தம்பியின் மகள். அந்தப் பாட்டில் துறையடியில் நின்று கண்கலங்குகிற பெண் வேறு யாருமில்லை, சித்தி பரீதா என்ற பெயருள்ள என் உம்மாதான். நல்ல சுகத்தோடு எங்கள் வீட்டில் இருக்கிறா.

போன கிழமை என் மகள் நஸ்ரினின் போனில் உங்கள் வீடியோ ஒன்று வந்தது. இஸ்திரி போடுகிற மேசை மாதிரி ஒன்றுக்கு முன்னால் இருந்து, அதில் கட்டிய தந்திகளின் மேல் ஓர் இரும்புத் துண்டை இழுத்து இழுத்து வாசிக்கிறீர்கள். மேலே எழுதியிருந்தது: ‘எங்கள் ஊரின் கண்ணீர்ப் பாட்டு, புது வடிவில், என் மகளின் கலியாணத்துக்கு.’

உம்மா பக்கத்தில் இருந்தா. இரண்டாம் வரியோடு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. எங்கே இந்தப் பாட்டுக் கேட்டாலும் எழும்பிப் போவது அவவின் வழக்கம். இந்தமுறை மட்டும் திரும்பி வந்து, “அந்த மனுசனுக்கு எழுது. நிப்பாட்டச் சொல்லு” என்றா.

எனவே எழுதுகிறேன். வழக்கு, வக்கீல் என்று மிரட்ட எனக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. ஆனால் அது வாப்பாவின் பாட்டு. அவருடைய சொல்லையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு அழுகையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஹுஸ்னியா


லிங்கநகர்,
திருகோணமலை.
11.05.2025

திருமதி ஹுஸ்னியா அவர்களுக்கு,

கடிதத்தின் கீழே உங்கள் கடைப் போன் இலக்கம் இருந்தது. எடுத்துக் கதைத்திருப்பேன். போன வருடம் தைரொயிட் ஒப்பரேசன் செய்த பிறகு என் குரல் துருப்பிடித்த வின்ச் மாதிரி ஆகிவிட்டது. கொஞ்சம் கதைத்தாலே அடைத்துவிடும். துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சின் அறையில்தான் எனக்கு வேலை. அங்கே நல்ல குரல் உள்ளவன் கத்தினாலும் ஒருவருக்கும் கேட்காது, அதனால் உத்தியோகத்துக்குப் பாதகமில்லை. பாட்டுத்தான் போய்விட்டது.

இஸ்திரி மேசை என்று சொன்னது நீங்கள் மட்டுமல்ல. என் மைத்துனர் கனடாவில் இருந்து அதை அனுப்பியபோது பெட்டியைத் திறந்து பார்த்த உத்தியோகத்தர், ஆஸ்பத்திரிச் சாமானா என்று கேட்டார். அதற்குப் பெயர் பெடல் ஸ்டீல் கிட்டார். பத்துத் தந்தி, காலடியில் பெடல்கள், முழங்காலுக்கு லீவர்கள். உடம்பில் சும்மா இருக்கிற உறுப்பு ஒன்றும் இல்லை.

அதன் விசேஷத்தைச் சொல்கிறேன், கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுக் கேளுங்கள். இரண்டு தந்தியை ஒன்றாகத் தட்டிவிட்டு ஒரு பெடலை மிதித்தால், ஒரு தந்தியின் சத்தம் மட்டும் மெல்ல மேலே நகரும். மற்றது நின்ற இடத்திலேயே நிற்கும். உங்கள் வாப்பாவின் பாட்டும் அதுதானே? ஒருவர் துறையில் நிற்கிறார், ஒருவர் விலகிப் போகிறார். ஒவ்வொரு சரணத்தின் கடைசி வரியிலும் அதைத்தான் செய்கிறேன். நல்லாக இருந்த காலத்தில் என் குரலாலும் இதைச் செய்ய ஏலாது. ஒரு தொண்டையால் ஒருவர்தான் போகலாம். எனவே சொல்லைக் கழற்றி எறிந்தேன் என்று சொல்லாதீர்கள். சொல் சொன்னதைத் தந்தியில் ஏற்றியிருக்கிறேன். நன்றாகவே ஏற்றியிருக்கிறேன்.

அழுகை பற்றி. பாட்டை மெதுவாக்கியவன் நான்தான், அதில் எனக்கு வெட்கமில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மணமகள் மண்டபத்தை விட்டு இறங்கும்போது இந்தப் பாட்டுத் தொடங்க வேண்டும், கார்க் கதவு சாத்தும்போது மூன்றாம் சரணத்தின் கடைசி வரி முடிய வேண்டும். இசைத்தட்டில் பாட்டு மூன்று நிமிடம். மூன்று நிமிடத்தில் எந்த மணமகள் காரில் ஏறியிருக்கிறாள்? தாய் பிடிப்பாள், மாமி பிடிப்பாள், சாறித் தலைப்புக் கதவில் மாட்டும். அதற்கேற்ற மாதிரி இழுத்தேன். இழுத்ததும் ஊர் அழத் தொடங்கியது. அதற்குப் பிறகு வேகமாகப் பாட யாரும் விடவில்லை.

இப்படி ஊரிலுள்ள பிள்ளைகளையெல்லாம் நான்தான் பாடி அனுப்பினேன். இப்போது என் ஒரே மகள் அஞ்சலினாவுக்கு யூலை ஐந்தாம் திகதி கலியாணம். அவளைப் பாடி அனுப்ப எனக்குக் குரல் இல்லை. இரவு பகலாகப் பழகி இந்த வாத்தியத்தில் அதைச் செய்யப் போகிறேன். எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை.

ஆனாலும், பாட்டில் நிற்கிற ஆள் உயிரோடிருக்க, அவரைத் தாண்டிப் போய் வாசிக்கிறவன் நான் இல்லை. உம்மா வேண்டாமென்றால் வாசிக்க மாட்டேன். அவவுக்கு என்ன கோபம் என்று மட்டும் எழுதுங்கள்.

இக்னேசியஸ்


மூதூர்,
17.05.2025

இக்னேசியஸ் அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெட்கமில்லை என்று நீங்கள் எழுதிய இடத்தில், “தெரியுது” என்றா.

வாப்பாவுக்குத் திருகோணமலை நகரில் ஒரு தையல் கடையில் வேலை. விடிய லோஞ்சில் ஏறிக் கடல் தாண்டிப் போவார், பின்னேர லோஞ்சில் வருவார். கலியாணம் முடித்த புதிதில் உம்மா ஒருநாள் துறையடிவரை போய்க் கண்கலங்கி நின்றாவாம். சின்ன வயது. அதைப் பகிடி பண்ணத்தான் வாப்பா இந்தப் பாட்டைக் கட்டினார். ‘விடியல் லோஞ்சு ஊதுதடி, உன் விழியில் கடல் மோதுதடி’ என்று நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாடிய வரி, எங்கள் வீட்டில் சிரிக்கிற வரி. மனுசன் அக்கரைக்குச் சட்டை தைக்கப் போகிறார், அவ்வளவுதான்.

பாட்டில் நாலு சரணம். மூன்றில் அவர் போகிறார். நாலாவதில் வந்துவிடுகிறார்.

பொழுது சாய வந்தேன் நான் – உன்
பொய்க் கோபம் கண்டேன் நான்

இப்படித் தொடங்கும். கொழும்பில் இசைத்தட்டுப் போட்டவர்கள், தட்டில் இடமில்லை என்று அதை வெட்டிவிட்டார்கள். மூன்றாவதோடு பாட்டு முடிந்தது. பிறகு உங்கள் குரல் வந்தது. போனவர் வரவேயில்லை என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. உம்மா சந்தைக்குப் போனால், பாட்டில் வருகிற பெண் இவதான் என்று காட்டி, பாவம் என்று சனங்கள் பார்ப்பார்களாம். பக்கத்தில் வாப்பா மரக்கறிப் பையோடு நிற்பார். அவருக்கு அது பெரிய பகிடி. உம்மாவுக்கு அன்றே பிடிக்கவில்லை.

வாப்பா மௌத்தாகிப் பல வருடம். அதற்குப் பிறகு உம்மாவுக்கு அந்தப் பாட்டைக் கேட்கவே ஏலாது. அவ எனக்கு ஒருமுறை சொன்னா: “வீட்டுக்கு வந்த மனுசன ஊராக்கள் திரும்பத் திரும்ப அனுப்புறாங்க.” அவவின் கோபம் இதுதான் அண்ணன்.

எனவே எங்கள் முடிவு. வாசிப்பதென்றால் நாலு சரணமும் வாசியுங்கள். இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம்.

ஹுஸ்னியா


லிங்கநகர்,
24.05.2025

தங்கச்சி ஹுஸ்னியாவுக்கு,

மரக்கறிப் பையோடு நிற்கிற உங்கள் வாப்பாவை நினைத்துச் சிரித்தேன். என் சிரிப்புச் சத்தத்துக்கு மனைவி குசினியில் இருந்து ஓடிவந்து, எனக்கு என்ன நடந்தது என்று பார்த்தா. அவவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஆனால் நீங்கள் கேட்பது ஏலாது.

ஒன்று, தொழில் காரணம். நாலு சரணத்துக்கும் ஒரே மெட்டு. பாடும்போது சொல் மாறும், கதை விளங்கும். சொல் இல்லாத வாத்தியத்தில் நாலாவது என்பது மூன்றாவதைத் திரும்ப வாசிப்பதுதான். கிழவனுக்கு நிறுத்த மறந்துபோச்சு என்று நினைப்பார்கள்.

மற்றது, என் வீட்டுக் காரணம். அஞ்சலினாவின் கலியாணப் பதிவு எழுத்துப் போன வருடமே முடிந்து விசாவும் வந்துவிட்டது. மாப்பிள்ளை றெக்சன் நல்ல பெடியன், டொரண்டோவில் வேலை. கோயில் கலியாணம் முடிந்த கையோடு இரண்டு பேரும் போகிறார்கள். டொரண்டோவில் இருந்து பின்னேர லோஞ்சு இல்லை, தங்கச்சி. மகளைக் காரில் ஏற்றிவிட்டு, வந்துவிட்டாள் வந்துவிட்டாள் என்று நான் வாசித்தால், அது பொய். மற்றவர்களுடைய பிள்ளைகளை அனுப்பும்போது ஒரு பொய் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. இது என் பிள்ளை. எனக்கு நெஞ்சு வெடிக்கிற கவலை, அதை உள்ளபடி வாசிக்கத்தான் இந்த மூன்று சரணத்தையும் தேர்ந்தெடுத்தேன்.

உம்மாவின் நியாயம் எனக்கு விளங்குகிறது. அதனால் வேறு பாட்டு ஒன்றைப் பார்க்கிறேன். வீடியோவை அழித்துவிட்டேன். பழகியதெல்லாம் வீண், அதற்காக மனம் எரிகிறது. மறைத்து என்ன பிரயோசனம்?

உம்மாவுக்கு என் சலாம் சொல்லுங்கள்.

இக்னேசியஸ்


மூதூர்,
30.05.2025

இக்னேசியஸ் அண்ணனுக்கு,

இது என் கடிதம் இல்லை. உம்மா கடையில் என் கதிரையில் வந்து இருந்துகொண்டு, ஒரு சொல் மாற்றாமல் எழுது என்றா. எழுதுகிறேன்.

“மகன், நீங்க பொய் எண்டு எழுதியிருக்கீங்க. பின்னேரம் வந்த மனுசன் அடுத்த நாள் விடிய திரும்பவும் போனவர்தான். வாறதெண்டா வந்து தங்கிறதெண்டு நான் ஒருநாளும் நினைக்கல்ல. போகக்குள்ள துறையடிக்குப் போனது அந்த ஒருநாள்தான். பிறகு போகல்ல. வரக்குள்ளதான் வாசல்ல நிண்டன். எத்தினையோ வருசம் நிண்டன். உங்கட மகளும் வருவா. நத்தாருக்கு வருவா, கோயில் திருநாளுக்கு வருவா, புள்ளயத் தூக்கிக்கிட்டு வருவா. ரெண்டு கிழம நிண்டுட்டுப் போவா. அது வாறதில்லையா? எல்லாரும் போறதுக்கு மட்டும்தான் பாட்டு வெச்சிருக்காங்க. வாறதுக்கு ஒண்டும் இல்ல. அந்த மனுசன் ஒண்டு வெச்சிருந்தார். அதயும் வெட்டிட்டாங்க. நீங்களும் வெட்டப்போறீங்களெண்டா வெட்டுங்க, வேற பாட்டு வாசிங்க. ஆனா பொய் எண்டு சொல்லாதீங்க.”

இவ்வளவும் உம்மா. இனி என்னுடையது. ஒரே மெட்டு, சொல் இல்லை, எப்படிக் காட்டுவது என்று கேட்கிறீர்கள். கடைக்கு வருகிற மேசன்மாரும் இப்படித்தான், ஏலாது என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு செய்வார்கள். பத்துத் தந்தியும் அத்தனை பெடலும் உங்களிடம்தானே இருக்கின்றன, என்னிடமா?

ஹுஸ்னியா


லிங்கநகர்,
15.06.2025

அன்பான தங்கச்சிக்கு,

பெருநாள் நல்லபடி முடிந்திருக்கும். நீங்கள் அனுப்பிய இறைச்சிக்கும் வட்டிலப்பத்துக்கும் என் மனைவி தனியாக நன்றி சொல்லச் சொன்னா.

உம்மாவின் கடிதத்தை வைத்துக்கொண்டு பல நாள் மல்லுக்கட்டினேன். அவ சொல்வது சரி. அஞ்சலினா போகிற நாளையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அவள் வந்து இறங்கப்போகிற நாள் என்று ஒன்று இருப்பது உறைக்கவேயில்லை. அவளைத் திரும்பக் கூட்டிவர விமான நிலையத்துக்குப் போகப்போகிறவனும் நான்தானே.

பிறகு வேலை. முதலில் நாலாவதை வேகமாக, துள்ளலாக வாசித்து நஸ்ரினின் போனுக்கு அனுப்பினேன். உம்மாவின் பதில் உடனே வந்தது: “இது வேற ஆரோ வாறான்.” கோபம் வந்தது, ஆனால் திரும்பப் போட்டுக் கேட்டால் உண்மையாகவே வேறு எவனோதான் வந்துகொண்டிருந்தான். அடுத்ததாகத் தாளத்தை மாற்றினேன், சுருதியை உயர்த்தினேன். வேறு வேறு ஆட்கள் வந்தார்கள். உங்கள் வாப்பா வரவில்லை.

முந்தநாள் பின்னேரம் வேலையால் வந்து, களைப்போடு வாத்தியத்தில் இருந்தேன். மூன்றாம் சரணத்தின் கடைசி வரி. பெடலை மிதித்து ஒரு தந்தியை விலக்கியாகிவிட்டது. வழக்கமாக அந்த இடத்தில் கையால் சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் காலை எடுப்பேன். அன்று அடைக்க மறந்து காலை எடுத்துவிட்டேன். விலகிப் போன தந்தி தானாகவே இறங்கி, நின்ற தந்தியிடம் வந்து சேர்ந்தது.

தங்கச்சி, இவ்வளவு காலமும் நான் அதைக் கேட்காமல் அடைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒவ்வொரு முறை மிதித்த பிறகும் அந்தத் தந்தி வீட்டுக்கு வந்திருக்கிறது, நான்தான் கேட்கவிடவில்லை.

இப்போது நாலாவது சரணத்தை முதல் மூன்றும் போகிற அதே வேகத்தில்தான் வாசிக்கிறேன். அதே மெட்டு. முதல் சத்தத்திலேயே பெடல் மிதித்தபடி இருக்கும். வரி முடியும் இடத்தில் காலை எடுக்கிறேன், அவ்வளவுதான். இசை தெரிந்தவனுக்கும் விளங்கும், தெரியாதவனுக்கும் விளங்கும். இதைவிட நல்லதொன்றை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை என்று துணிந்து எழுதுகிறேன்.

இதைப் போனில் அனுப்ப மாட்டேன். உம்மா நேரில் வந்து கேட்க வேண்டும். அழைப்பிதழ் இதனுடன் இருக்கிறது. மண்டபத்தில் உங்கள் வீட்டுக்கு ஒரு மேசை, ஹலால் சமையல் தனியாகக் கிண்ணியாவில் இருந்து வருகிறது. அஞ்சலினாவுக்கு நாலாவது சரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இக்னேசியஸ்


மூதூர்,
22.06.2025

இக்னேசியஸ் அண்ணனுக்கு,

வாசியுங்கள். வாப்பாவின் பிள்ளைகள் எங்கள் எல்லோருடைய சம்மதமும் இருக்கிறது.

நானும் நஸ்ரினும் வான் பிடித்து வருவோம். உம்மாவுக்குச் சாறி எடுத்துவைத்திருக்கிறேன். வருவா. ஆனால் ஒன்று. நாலாவதைக் கேட்க வேண்டுமென்றால், முதல் மூன்றும் முடியும்வரை அவ அந்த இடத்தில் இருக்க வேண்டும். நான் அறிய அவ எந்த மண்டபத்திலும் அப்படி இருந்ததில்லை. பிடித்து வைக்க நான் ஆள் இல்லை, அவவை யாரும் பிடித்துவைக்க ஏலாது. நீங்களும் இழுத்து இழுத்து வாசித்தால் என்ன நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

மகளுக்கு எங்கள் துஆ.

ஹுஸ்னியா


லிங்கநகர்,
10.07.2025

அன்பான தங்கச்சிக்கு,

நீங்கள் மண்டப வாசல்பக்கம் இருந்தீர்கள், இடையில் அவ்வளவு சனம். கார்ப்பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரிந்திராது, அதனால் எழுதுகிறேன்.

முதல் சரணத்தில் ஊர் வழக்கம்போல அழத் தொடங்கியது. இரண்டாவதில் என் மனைவி மகளைப் பிடித்தா, விடவில்லை. நான் குனிந்து பெடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதில் நிமிர்ந்தபோது உங்கள் மேசைப்பக்கம் உம்மா எழும்புவது தெரிந்தது. என் இரும்பு ஒரு கணம் வழுக்கியது. நல்லவேளை, மற்றவர்கள் அதையும் அழுகை என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு சனம் மறைத்துவிட்டது.

கடைசி வரியில் கார்க் கதவு சாத்தியது. அந்த விஷயத்தில் என் கணக்குப் பிழைப்பதில்லை. ஆட்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்கள், பெடியன்கள் ஐஸ்கிரீம் பக்கம் போனார்கள், டிரைவர் எஞ்சினைப் போட்டான். நான் நாலாவதைத் தொடங்கினேன்.

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. கீபோர்ட் வாசிக்கிற அஞ்சலோ, எல்லாம் தெரிந்த பெடியன், அவன்கூடத் தாளத்தைக் கொஞ்சம் விட்டுப் பிடித்தான். முதல் வரி முடிய நான் காலை எடுத்தேன். தந்தி வந்து சேர்ந்தது. இரண்டாம் வரியில் திரும்பவும் எடுத்தேன். அப்போது எஞ்சின் நின்றது. கதவு திறந்தது. அஞ்சலினா சாறியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி, நேரே என்னிடம் வந்தாள். வாத்தியத்துக்கு முன்னால் நின்று, வாசித்து முடியும்வரை என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முடிந்ததும் கேட்டாள். “அப்பா, இது புதுசா?”

“பழசு. வெட்டின துண்டு” என்றேன். அவ்வளவுக்குத்தான் குரல் இடம் விட்டது.

“அப்ப இனி இதையும் வாசியுங்கோ” என்று என்னைக் கொஞ்சிவிட்டுப் போனாள். இரண்டாம் தரம் அவள் காரில் ஏறும்போது பாட்டும் இல்லை, அழுகையும் இல்லை. சிரித்துக்கொண்டு ஏறினாள். நான்தான் அழுதேன், அது வேறு கதை.

செவ்வாய்க்கிழமை போய்விட்டார்கள். வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் எனக்குப் பயமில்லை.

நேற்று பாலையூற்றில் இருந்து ஒரு கலியாண வீட்டுக்காரர் வந்தார். மணமகள் காரில் ஏறிவிட்டு இறங்குகிற பாட்டுத்தான் வேண்டுமாம். இனி இந்த ஊரில் பெண்பிள்ளைகள் இரண்டு தரம் ஏற வேண்டிவரும், டிரைவர்மார் என்னைத் திட்டப்போகிறார்கள்.

எல்லாம் சரி. நான் அறிய வேண்டியது ஒன்றுதான். நான் வாத்தியத்தைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தபோது உங்கள் மேசை வெறுமையாக இருந்தது. உம்மா கேட்டாவா, அல்லது எழும்பிப் போய்விட்டாவா?

இக்னேசியஸ்


மூதூர்,
14.07.2025

இக்னேசியஸ் அண்ணனுக்கு,

உம்மா போகத்தான் எழும்பினா. வாசல்படிவரை போய்விட்டா, நான் செருப்பை எடுத்துக்கொடுக்கக் குனிந்தேன். அப்போது நாலாவது தொடங்கியது. கையைக் காட்டி என்னை நிறுத்தினா. படியிலேயே, ஒரு காலில் செருப்போடு, முடியும்வரை நின்றா. பிறகு வானில் ஏறி இருந்தா. எப்படி இருந்தது என்று கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

இன்று உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பாலையூற்றுக் கலியாணம் என்றைக்கு என்று விசாரிக்கச் சொன்னா. அதற்கும் வரப்போகிறாவாம். உங்களுக்கு ஒரு திருத்தமும் சொல்லியிருக்கிறா, அப்படியே எழுதுகிறேன்:

“எல்லாம் சரி, நல்லா வாசிச்சார். கரைக்கு வாற இடத்த மட்டும் இழுத்துட்டார். அந்த மனுசன் ஒருநாளும் அப்பிடி ஆறுதலா, மெல்ல மெல்ல வந்ததில்ல. லோஞ்சக் கட்ட முன்னம் பாய்ஞ்சிருவார். அடுத்த முறை அதத் திருத்தி வாசிக்கச் சொல்லு.”

ஹுஸ்னியா